ஷிப்பமனீனில் வாங்கிய கால்சட்டை

பேரிடர் என்றுதான் இங்கே பேர்.
"பேரிடர் வாங்கினாயா?"
"நல்ல பேரிடர் வந்திருக்கிறது, சீக்கிரம் வா."
சண்டைக் காலத்தில் நிவாரணமாக வந்திறங்கிய துணி.
சண்டை போய்விட்டது, பேர் போகவில்லை.
கப்பலில் வரும் அந்நியர் உடுப்புக்கெல்லாம்
இப்போது அதுவே பேர்.

வியாழக்கிழமை பொதி உடைப்பார்கள்.
இரும்புப் பட்டை தெறித்ததும்
தோளிடித்து நுழைந்தவர்களில் நானும் ஒருத்தி.
பாவாடைகளை ஹொர்ட்டென்சியா அள்ளிக்கொண்டாள்.
எனக்கு மிஞ்சியது ஒரு கால்சட்டை.
சாம்பல் நிறம், நூலளவு நீலக் கோடு,
என்னைப்போல் இரண்டு பேர் நுழையும் இடுப்பு.
யாரோ நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான்.
நாற்பது மெதிகல் என்றாள். முப்பதுக்கு முடிந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நேர்முகம்.
துறைமுகத்துப் பக்கம், சுங்க முகவர் அலுவலகம்,
வரவேற்பு மேசை.
"தோற்றம் முக்கியம்" என்று போனில் சொன்னார்கள்,
தோற்றம் தெரியாத போனில்.

பிரிப்பதற்குப் பழைய பிளேடு போதும்.
உள்தொடைத் தையலை
ஒவ்வொரு கண்ணாக அறுத்தேன்.
எங்கோ ஓர் இயந்திரம் நொடியில் போட்டது,
எனக்கு இரண்டு ராத்திரி.
இரண்டாம் ராத்திரி மின்சாரத்துக்குக் கட்டிய காசு தீர்ந்து
போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
ஒரு கால்சட்டைக்குள் இத்தனை துணியா!
விரித்துப் போட்டால்
பாயை அடைத்துப் படுத்த விருந்தாளி.

பைக்குள் பாதி பஸ் சீட்டு,
துவைத்துத் துவைத்துப் பஞ்சாகி.
ஊர்ப் பேரில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி.
அதை எப்படிச் சொல்வது?
வாயைக் குவித்துப் பார்த்தேன்.
தெருநாய் ஒன்று திரும்பிப் பார்த்தது.

கவட்டு வளைவை நேராக வெட்டினேன்.
கீழே வெட்டிய முழத்துணி
முன்பக்க முக்கோணத்துக்குச் சரியாகப் போயிற்று.
பின்பக்கத்துக்கு இல்லை.
கிழிந்த கப்புலானாவில் ஒரு மஞ்சள் பறவை மிச்சமிருந்தது,
அதை மடிப்புக்குள் ஒளித்துத் தைத்தேன்.
நடந்தால்தான் பறக்கும்.
உட்கார்ந்தால் நல்ல பிள்ளை.

எல்லாம் கைத்தையல்.
மெஷின் செல்சாவிடம் இருக்கிறது.
செல்சாவிடம் நான் பேசுவதில்லை.

இஸ்திரிக் கோடு மட்டும் போகவில்லை.
வினிகர் தடவி, ஈரத்துணி விரித்து,
கரிபோட்ட பெட்டியை அழுத்தினாலும்
முன்னால் இரண்டு கோடு,
அவன் நின்ற விறைப்பு அப்படியே.
இருந்துவிட்டுப் போகட்டும்.
பக்கத்தில் இன்னும் இரண்டு மடிப்பு வைத்து
நானே யோசித்துச் செய்ததுபோல் ஆக்கினேன்.

திங்கள். சப்பா வண்டி பிதுங்கி வழிந்தது.
கதவில் தொங்கிய நடத்துனப் பையன்மேல்
சாம்பல் கோட்டு.
நூலளவு நீலக் கோடு.
கைகளை முழங்கையோடு வெட்டி,
ஓரம் அடிக்காமல், பிசிறு காற்றில் ஆட,
முதுகில் வெள்ளைச் சாயத்தில் ஏதோ கால்பந்துக் குழு.

அவன் என் பாவாடையைப் பார்த்தான்.
நான் அவன் கோட்டைப் பார்த்தேன்.
எங்கோ ஓர் அலமாரியில்
ஒரே கொக்கியில் தொங்கியவை.

"கால்சட்டையா?" என்றான்.
"ஆமாம்."
மடியில் மீன்வாளி வைத்திருந்தவள்
"அப்படியானால் தாலி கட்டாத குறைதான்" என்றாள்.
வண்டி மொத்தமும் சிரித்தது.

அப்படியும் பதினைந்து மெதிகலை
எண்ணித்தான் வாங்கினான்.

அவன் நெஞ்சில் ஒரு பொத்தான் இல்லை.
என் இடுப்புப் பட்டிக்குள்ளே
உபரியாக யாரோ தைத்து வைத்த அதே சாம்பல் பொத்தான்,
சற்றே சிறியது.
பல்லால் பிய்த்துக் கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
எனக்கும் நாளை ஏதாவது தெறிக்கும்.

பைஷாவில் இறங்கினேன்.
கடல் பக்கமிருந்து காற்று.
நேரமாகிவிட்டது என்று எட்டிப் போட்டேன் நடையை.
பின்னால் அவன் நீளமாகச் சீட்டியடித்தான்.
பறவையைப் பார்த்துவிட்டான் போல.